தனுஷ்கோடி நிலையத்தை இனியும் கைவிடாதீர்கள்: தெற்கு ரயில்வேக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள், தெற்கு ரயில்வே, சென்னை
கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள், மதுரைக் கோட்டம், மதுரை

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. ராமநாதபுரம் மாவட்டக்காரர்களுக்கு அது பெரிய நாள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து, மூட்டை முடிச்சோடும் வயதானவர்களோடும் இந்தக் கரையிலேயே இறங்கி, பஸ் பிடித்துத்தான் தீவுக்குள் போய் வந்தோம். அந்தப் பாலத்தைக் கட்டி முடித்த பொறியாளர்களுக்கும், வெயிலிலும் காற்றிலும் நின்று வேலை பார்த்த தொழிலாளர்களுக்கும் முதலில் என் நன்றி.

இந்த மடல், அந்தப் பாலத்தைத் தாண்டிய பிறகு வரும் இன்னோர் இடத்தைப் பற்றியது. பாம்பனிலிருந்து தீவின் தென்கிழக்கு முனைக்குப் போன பாதையையும், அதன் கடைசியில் இருந்த தனுஷ்கோடி நிலையத்தையும் பற்றியது. புயல் அடித்த 1964 டிசம்பர் 22 இரவோடு அங்கே ரயில் போக்குவரத்து முடிந்துவிட்டது. நான் கேட்பது ஒன்றுதான். புதுப் பாதை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, மிச்சமிருக்கும் பழைய நிலையத்தை உங்கள் நிலையம் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். அதை இடிந்து விழாமல் காப்பாற்றுங்கள். அதன் வரலாற்றை அந்த இடத்திலேயே எழுதி வையுங்கள்.

2017-ல் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. அதற்கு முன்பு மணலிலும் தண்ணீரிலும் தத்தளித்துப் போகும் வேன்களில்தான் தனுஷ்கோடிக்குப் போக முடியும். இன்று கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் வரிசையாகப் போகின்றன. வருகிறவர்கள் பவளப்பாறைக் கற்களால் கட்டிய தேவாலயத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள், சங்கும் சிப்பியும் வாங்குகிறார்கள், மீன் சாப்பிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி வளைவுத் திறப்புகளோடு நிற்கும் சுவர்த் துண்டுகள்தான் ரயில் நிலையம் என்று பலருக்குத் தெரிவதில்லை. சொல்லித் தருகிறவர்களும் 'பேய் நகரம்' என்று ஆரம்பித்து, இரவில் குரல் கேட்கும் என்று முடித்துவிடுகிறார்கள். அங்கே செத்தவர்கள், இன்று நம் மத்தியில் நடமாடும் மனிதர்களைப் பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்கள். அதே மணலில் இன்றைக்கும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டு, ஊற்றுத் தோண்டிக் குடிதண்ணீர் எடுத்து வாழ்கின்றன. அந்த ஊரை வேடிக்கைப் பொருளாக்கிக் கூட்டம் சேர்ப்பது எனக்குத் தாங்கவில்லை.

அந்தச் சுவர்களின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். கடற்காற்று படும் பக்கத்தில் உப்பு ஏறி, பூச்சு முழுக்கப் போய்விட்டது. இடுக்குகளில் இருக்கும் காரையை விரலால் தொட்டாலே மாவாக உதிர்கிறது. அடிப்பக்கம் அரித்து, மேல்பக்கம் கனத்து நிற்கிறது. கைக்கெட்டும் உயரம் வரைக்கும் காதலர்களின் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சுவர் குறைகிறது. இதற்கு மேல் இன்னும் பல ஆண்டுகள் அது காத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த நிலையம் என்னவாக இருந்தது என்று உங்கள் அலுவலகக் கோப்புகளுக்குத் தெரியும். மக்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

1914-க்கு முன்னால் கொழும்புக்குப் போகிறவர்கள் சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ரயிலில் போய், அங்கே கப்பல் ஏறினார்கள். கடல் பயணம் நீளம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். இந்தக் குறுகிய கடலையே பாலம் போட்டுக் கடந்துவிடலாம் என்ற யோசனைகூட இருந்தது. செலவைப் பார்த்து அதை விட்டுவிட்டு, பாம்பன் கால்வாய்க்கு மட்டும் பாலம், அதற்கப்புறம் கப்பல் என்று முடிவெடுத்தார்கள். தென்னிந்திய ரயில்வே கட்டிய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்கரையில் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு இலங்கை அரசு ரயில்பாதை வந்து சேர்ந்தது. எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்து, ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்புக் கோட்டையில் போய் இறங்கலாம். அந்த ரயிலுக்கு ஜனங்கள் வைத்த பெயர்தான் போட் மெயில். இன்றைக்கும் சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரும் இரவு ரயிலை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இன்று பலருக்கு வியப்பாக இருக்கும் ஒன்று உண்டு. போட் மெயில் ராமேஸ்வரத்துக்குப் போகவில்லை. பாம்பனில் இறங்கியதும் தண்டவாளம் நேராகத் தனுஷ்கோடிக்குப் போனது. கோயிலுக்குப் போகிறவர்களுக்காகப் பாம்பனிலிருந்து பிரிந்த கிளைதான் ராமேஸ்வரம் பாதை. ஆக, பாம்பன் ஒரு ஜங்ஷன். இன்று பாம்பன் நிலையத்தில் இறங்குகிற ஒரு பள்ளிப் பிள்ளைக்கு அது தெரியவர ஒரு வழியும் இல்லை.

தனுஷ்கோடி சின்ன ஊர்தான், ஆனால் ஒரு துறைமுக ஊருக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது. சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், ரயில்வே மருத்துவமனை, தேவாலயம், யாத்ரீகர்கள் தங்கும் சத்திரங்கள், துறைமுக அலுவலகங்கள் எல்லாம் உண்டு. எங்கள் மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் மணல்நாக்கின் மேல் நீராவி இன்ஜின் ஓடியது. கப்பல்துறை வரைக்கும் ரயில் போகும். இர்வின், கோஷன் என்ற இரண்டு கப்பல்கள் பல ஆண்டுகள் அக்கரைக்கும் இக்கரைக்கும் மாறி மாறி ஓடின. போர்ட்டர்கள், பாயின்ட்ஸ்மேன்கள், சுங்கக் குமாஸ்தாக்கள், இட்லிக் கடை வைத்திருந்தவர்கள் என்று அந்த ஊரே ரயிலின் நேரத்துக்கு எழுந்து ரயிலின் நேரத்துக்குத் தூங்கிய ஊர்.

துரைமார்கள் முதல் வகுப்பில் போனதையும், வியாபாரிகள் போய் வந்ததையும் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியம், அதே ரயிலில் மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்துப் போனவர்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் சீமைகளில் மழை பொய்த்த ஆண்டுகளில், தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட குடும்பங்கள் அவை. பாலம் வருவதற்கு முன்பு அவர்களின் முன்னோர், அக்கரையில் மன்னார்க் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே போனார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. ரயில் வந்த பிறகு மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் அவர்களை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, மருந்து நீரில் குளிக்கவைத்து, பிறகு அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போன காலமும் இருந்தது. பிறந்த மண்ணில் அவர்கள் கடைசியாகக் கால் வைத்து நின்ற இடம் தனுஷ்கோடி. எத்தனையோ பேருக்கு அதற்கப்புறம் இந்தியா என்பது பாட்டி சொன்ன கதை மட்டும்தான்.

இலங்கையின் தேயிலை மலைகளில், நுவரெலியாவிலோ ஹட்டனிலோ பிறந்த ஒரு மலையகத் தமிழர் தன் வேரைத் தேடி இங்கே வந்தால், எந்த ஊர் என்று தெரியாமல் திண்டாடுவார். ஆனால் தன் பாட்டனார் கப்பல் ஏறிய ரயில் நிலையத்தை மட்டும் உறுதியாகக் கைநீட்டிக் காட்ட முடியும். அந்த ஒன்றையும் நாம் உதிர விட்டுக்கொண்டிருக்கிறோம்.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தத் தோட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும் என்று இரண்டு அரசுகளும் தலைகளை எண்ணிப் பங்கு பிரித்துக்கொண்டன. சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. திரும்பி வரப்போகிறவர்கள் வந்து இறங்கவேண்டிய துறையாக இருந்தது தனுஷ்கோடிதான். எட்டு வாரம்கூட ஆகவில்லை, அந்தத் துறையே போய்விட்டது.

டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வு மண்டலம் புயலாகி, 22-ஆம் தேதி வவுனியாவைக் கடந்து, அன்றிரவு பாக் நீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடி மேல் ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை போனதாக மதிப்பிட்டார்கள். அந்த நேரத்தில் 653 எண் கொண்ட பாசஞ்சர் ரயில், கணக்கின்படி 110 பயணிகளோடும் 5 ரயில்வே ஊழியர்களோடும் பாம்பனிலிருந்து தனுஷ்கோடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நிலையத்துக்குச் சற்று முன்னால் சிக்னல் கிடைக்கவில்லை. இருட்டு, மழை, எதிரே ஒரு வெளிச்சமும் இல்லை. ஓட்டுநர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, நீளமாக விசில் கொடுத்துக்கொண்டே மெல்ல நகர்த்தினார் என்பார்கள். எழும்பி வந்த கடல் ரயிலை அப்படியே அடித்துக்கொண்டு போனது. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள், எண்ணிக்கை இன்னும் அதிகம் என்ற பேச்சும் உண்டு. புயலில் மொத்தமாக இறந்தவர்கள் 1,800 பேருக்கும் மேல்.

பாம்பன் பாலத்தில் தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்களான 145 கர்டர்களில் 126 கடலுக்குள் போயின. நடுவில் தூக்கும் பகுதி மட்டும் தப்பித்தது. பாலத்தைச் சரிசெய்ய முதலில் ஆறு மாதம் என்றார்கள், பிறகு மூன்று மாதம் என்றார்கள். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன், கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து, 46 நாளில் ரயில் போகும்படி செய்து காட்டினார். உங்கள் துறையின் வரலாற்றில் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய வேலை அது, ஒவ்வோர் ஆண்டும் சொல்லவும் செய்கிறீர்கள். ஆனால் அதே புயலில் போன தனுஷ்கோடிப் பாதையைப் பற்றியும் அதில் போன உங்கள் ஐந்து ஊழியர்களைப் பற்றியும் அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. ஊர் குடியிருக்கத் தகுதியற்றது என்று சென்னை அரசு அறிவித்தது. பாதை மணலுக்குள் போனது. கிளையாக இருந்த ராமேஸ்வரம், கடைசி நிலையமாகிவிட்டது.

அதற்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்கள் அந்த வழியாகத்தான் வந்தார்கள். மலையகத்திலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ரயிலுக்கு அங்குள்ள ஜனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். கோச்சி என்றால் அங்கே ரயில். பாதிக் குடும்பம் ரயிலுக்குள், பாதிக் குடும்பம் பிளாட்பாரத்தில். 1980-களில் போர் தொடங்கியதும் அந்தக் கப்பலும் நின்றது. இந்தக் கடல்வழி மட்டும் நிற்கவில்லை. 2022 மார்ச்சிலிருந்து, இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் பிள்ளை குட்டிகளோடு தப்பி வந்தவர்களைப் படகோட்டிகள் நள்ளிரவில் இறக்கிவிட்டுப் போனதும் அரிச்சல்முனையை ஒட்டிய மணல் திட்டுகளில்தான். அங்கிருந்து அவர்களை அழைத்துப்போன இடமும் அதே மண்டபம் முகாம். நூறு ஆண்டுகளாக ஒரே பாதையில் ஒரே ஜனங்கள், திசை மட்டும் மாறி மாறி.

அக்கரையைப் பாருங்கள். போரில் 1990-ல் நின்றுபோன தலைமன்னார்ப் பாதையை, இந்தியாவின் பொதுத்துறை நிறுவனமான இர்கான் மறுபடி போட்டுக் கொடுத்தது. 2015 மார்ச் 14-ல் நம் பிரதமரே தலைமன்னாரில் போய் அதைத் தொடங்கிவைத்தார். ஒரே ஆண்டில் பிறந்த இரட்டை நிலையங்களில் ஒன்றுக்கு நம் கையாலேயே உயிர் கொடுத்திருக்கிறோம். நம் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு பெயர்ப்பலகை கேட்டு நான் மடல் எழுதுகிறேன்.

புதிய பாதையைப் பற்றியும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு 17 கிலோமீட்டர் சொச்சம் அகலப்பாதை போட 208 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2019 மார்ச் 1-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. பிறகு சுற்றுச்சூழல் காரணம் சொல்லி மாநில அரசு மறுத்தது. வேலை நகரவில்லை. என்னைக் கேட்டால், இரண்டு பக்கமும் கடல் அரிக்கும் மணல்மேட்டில், மன்னார் வளைகுடாவின் ஓரத்தில், மறுபடி ஒரு ரயில்பாதை போடுவதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும். 1964 நமக்குப் பாடம் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ரயில் ஆர்வலர்களான என் நண்பர்கள் சிலருக்கு இது பிடிக்காது. அக்கரைக்குக் கப்பல் ஓடாத வரை, படம் எடுக்க வருகிறவர்களுக்காக மட்டும் அந்த மணலில் ரயில் விடுவதை என் மனம் ஏற்கவில்லை. ஆனால் அந்த வாதம் முடியும் வரைக்கும் பழைய சுவர்கள் காத்திருக்க வேண்டும் என்பது எந்த நியாயத்திலும் சேராது. புதுப் பாதைக்கு நூற்றுக்கணக்கான கோடி வேண்டும். இருக்கிற சுவரை நிறுத்திவைக்க அதில் ஒரு துளி போதும்.

நிலையச் சுவர்களைச் சரிசெய்யும்போது தயவுசெய்து சிமென்ட் பூசிவிடாதீர்கள். உப்பு ஏறிய பழைய சுவரில் சிமென்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே அடைபட்டு, கல்லையே உடைத்துவிடும். சுண்ணாம்புக் காரைதான் ஒத்துப்போகும். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். மாநிலத் தொல்லியல் துறையோடு பேசினால் வழிகாட்ட ஆள் கிடைக்கும். சுவரைச் சுற்றி இடுப்பளவு வேலி, தொடாமல் பார்க்க ஒரு நடைபாதை போதும். பளபளப்பான வளைவோ, வண்ண விளக்கோ, செல்ஃபி எடுக்கும் மேடையோ வேண்டவே வேண்டாம்.

பாதுகாப்பு என்ற பெயரில் அங்குள்ள மீனவர்களையும் சங்கு விற்கும் பெண்களையும் விரட்டிவிடாதீர்கள். அறுபது ஆண்டுகளாக அந்த இடத்தைக் கைவிடாமல் இருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளவும், வருகிறவர்களுக்குக் காட்டவும் ஆள் வைப்பதென்றால் அந்தக் குடிசைகளிலிருந்தே எடுங்கள்.

653-ஆம் எண் ரயிலில் போன ஐந்து ஊழியர்களின் பெயர்கள் உங்கள் பணிப்பதிவேடுகளில் இருக்கும். ஓட்டுநர், ஃபயர்மேன், கார்டு என்று பொறுப்போடு சேர்த்து, கல்லில் வெட்டித் தனுஷ்கோடி நிலையத்திலேயே வையுங்கள். பயணிகளில் யார் யாரை அடையாளம் கண்டார்களோ அவர்கள் பெயர்களும் அதில் இருக்கட்டும். விபத்தைப் பற்றி உங்களிடம் உள்ள கோப்புகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். ரகசியம் காக்க அதில் இனி என்ன இருக்கிறது?

இன்னொரு வேலைக்கு அவசரம் உண்டு. தனுஷ்கோடியில் ரயில் ஏறி இறங்கியதை, போர்ட்டராக இருந்த தகப்பனுக்குச் சோறு கொண்டுபோனதை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் ராமேஸ்வரத்திலும் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் இருக்கிறார்கள். அன்று பத்து வயது என்றால் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் குடும்பங்களின் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு இரண்டு பேரை ஆறு மாதத்துக்கு அனுப்பினால் போதும். ராமேஸ்வரம் நிலையத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் ஒரு சுவரைத் தனுஷ்கோடிக்கு ஒதுக்கி, பழைய கால அட்டவணை, வரைபடம், கப்பல்களின் படம், இந்தப் பெரியவர்களின் குரல் எல்லாவற்றையும் வையுங்கள். பாம்பன் நிலையத்தில் 'ஒரு காலத்தில் ஜங்ஷன்' என்று தமிழில் ஒரு பலகை வையுங்கள். தனுஷ்கோடியில் வைக்கும் பலகையில் கங்காணியோடு போனவர்களைப் பற்றியும் நாலு வரி இருக்கட்டும்.

ராமேஸ்வரம் செல்லும் பயணிகளும் எங்கள் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் இதற்கு உடன் நிற்கத் தயாராக இருக்கிறார்கள். இந்த வேலைகளில் எவை உங்கள் அதிகாரத்துக்குள் வரும், எவற்றுக்கு மாவட்ட நிர்வாகத்தையோ மாநில அரசையோ கேட்க வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள். அவர்களிடமும் நாங்கள் போய் நிற்கிறோம். வரும் டிசம்பர் 22-க்கு முன்னால், அந்த ஐந்து ஊழியர்களின் பெயர்ப்பட்டியலையாவது வெளியிடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ராமநாதபுரத்திலிருந்து ஒரு ரயில் பயணி